பாப்பம் என்ற பதில்

எங்கள் நாயைக் குட்டி போட விடுவதா, அவளுக்கு ஒப்பரேஷன் செய்துவிடுவதா என்று தீர்மானிக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. வெள்ளவத்தையில் இப்போது இருக்கும் வீட்டை மூன்று கிழமைக்குள் பார்த்து முடிவு செய்தோம். என் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்ல ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லாத ஒரு சீவனின் விஷயத்தில் மட்டும் எட்டு மாதம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இதில் நான் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கிற டாஷன் சாதி அவள். என் கணவரோடு வேலை செய்த ஒருவர் குடும்பத்தோடு மெல்பேர்னுக்குப் போகும்போது, அவருடைய நாய் போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியிருந்ததை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். மற்ற நாலும் கடுவன். அவை கண் திறக்க முதலே பேசி முடிந்துவிட்டதாம். இது பெட்டை என்றபடியால் கேட்பாரில்லாமல் கிடந்தது. வந்த அன்றே என்னுடைய செருப்பொன்றைத் தின்று முடித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மகள் பேராதனைக்குப் படிக்கப் போய்விட்டதால் நாலாம் மாடியில் இப்போது நாங்கள் இரண்டு பேரும் அவளும்தான்.

பொரளையில் ஒரு மிருக வைத்தியரிடம் அவளைக் காட்டுகிறோம். சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஊசி போடக் கொண்டுபோகிற ஒவ்வொரு முறையும், "ஒபரேஷன் எக கரமுத மிஸ்?" என்று கேட்பார். செய்துவிடுவோமா என்று. நானும் ஒவ்வொரு முறையும் "பலமு டொக்டர்" என்பேன், பார்ப்போம் என்று. அவர் சலிக்காமல் விளங்கப்படுத்துவார். குட்டி எடுக்கிற எண்ணம் இல்லையென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது, வயது போகப்போக அதில் சீழ் பிடிக்கலாம், முலையில் கட்டி வரலாம். எண்ணம் இருக்கிறதென்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள், முதல் பிரசவத்தை வயது ஏறவிட்டு வைக்கக்கூடாது, இந்தச் சாதிக்குச் சில வேளை வயிற்றை வெட்டித்தான் குட்டியை எடுக்கவேண்டி வரும். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் மிஸ். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்களே என்று கேட்டேன். அது சனங்களுடைய கதை என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம், என் கணவரிடம், கேட்டால் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வரும்.

"நீர் சொல்லும். நீர்தானே அவளைப் பாக்கிறனீர்."

இதைப்போல எரிச்சல் தருகிற மரியாதை உலகத்தில் வேறு இல்லை. "ஏனப்பா, உங்களுக்கு ஒரு வாய் இல்லையோ?" என்று கேட்பேன். "இருக்கு. நீர் சொன்ன பிறகு அது ஓம் எண்டும்" என்பார். நான் எழும்பிப் போய் ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பேன். மதில்மேல் பூனை என்பார்கள். எங்கள் வீட்டில் நாயை வைத்துக்கொண்டு நான் பூனையாக இருந்தேன்.

அந்தப் பெரியவரைச் சந்தித்தது அந்த வைத்தியரிடம் முறைக்குக் காத்திருக்கிற நீள வாங்கில்தான். ஒரு சனிக்கிழமை காலை. எழுபது வயது தாண்டியிருக்கும், அயர்ன் பண்ணின வெள்ளை அரைக்கைச் சேர்ட், மடியில் ஒரு துவாய், துவாய்க்குள் முகம் நரைத்த ஒரு டாஷன். நாய்க்குக் காது வருத்தம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்திருந்தார். என்னுடையவள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் அவருடைய சப்பாத்தை முகர்ந்தாள்.

"மகள், இது பொண்ணா?"

"ஓம் அங்கிள்."

"குட்டி போட்டிருக்கா?"

"இல்லை. இப்பதான் ரெண்டரை வயசு."

அவர் தன் நாயைப் பார்த்தார், பிறகு என்னுடையவளைப் பார்த்தார். வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். அந்த வாங்கிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹார்பரில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மனைவி போய் மூன்று வருடம். இந்த நாய் மனைவி வாங்கி வளர்த்தது. பிள்ளைகள் இல்லை.

"இவனுக்கு ஒம்பது முடிஞ்சிட்டு. மிஞ்சிப் போனா இன்னும் ரெண்டு மூணு வருஷம். இவனும் போயிட்டா வீட்டுல பேச ஆள் இல்ல மகள். இவன்ட குட்டி ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும். ஆணோ பொண்ணோ, எதுன்னாலும் சரி. உங்க பிள்ளைக்குச் சரி வருமா?"

கடுவன் வைத்திருப்பவருக்கு ஒரு குட்டி கொடுப்பது வழக்கம்தான். அவர் அதற்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"பாப்பம் அங்கிள்."

இந்தப் பாப்பத்தைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டில் எவரும் எவருக்கும் முகத்துக்கு நேரே மாட்டன் என்று சொன்னதை நான் கேட்டதில்லை. சம்பந்தம் பேசி வந்தவர்களுக்குப் பாப்பம். ஏணி இரவல் கேட்டவருக்குப் பாப்பம். சீட்டுப் பிடிக்கக் கூப்பிட்டவருக்கும் பாப்பம். கேட்டவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். தேத்தண்ணியைக் குடித்து, மழையைப்பற்றி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு எழும்பிப் போவார், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். ஒருவருக்கும் முகம் முறியாது. கொழும்புக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் இந்தப் பழக்கத்தை நான் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் படித்துக்கொண்டேன். பலமு. லெட்ஸ் சீ. மூன்று மொழியில் ஒரே மழுப்பல்.

ஆனால் அன்று அந்தப் பெரியவரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சேர்ட் பொக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டயறியை எடுத்து என்னுடைய நம்பரை எழுதிக்கொண்டார். "நாள் வந்தா ஒரு கோல் குடுங்க மகள்" என்றார். அவரும் மரியாதைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாயிருந்தது.

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார்.

"அப்ப வாக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறீர்."

"நானோ? நான் பாப்பம் எண்டுதானே சொன்னனான்!"

"அது எங்கட பாப்பம். கொட்டாஞ்சேனையில பாப்பம் எண்டால் பாப்பம் எண்டுதான் அருத்தம்."

கொட்டாஞ்சேனைக்காரர் எல்லாரும் அப்படியோ எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் அப்படி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. பூசை முடிந்து வந்த கையோடு எடுக்கிறாராம். சுகம் விசாரித்தார். நாய்க்குக் காது சுகம் என்றார். "அவசரம் இல்ல மகள், சும்மா கேட்டேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அந்தப் போன் வந்தது.

அவருக்கு நேரே இல்லையென்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் எனக்குள்ளேயே அது தெளிவான இல்லையாக இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் குட்டிகள் மேல் ஆசை இருந்தது. குட்டி நாயின் வாயில் ஒரு பால் மணம் வருமே, அதற்காக எதையும் செய்யலாம் போல இருக்கும். இவள் தாயாகி, நாலைந்து சின்ன நீள உடம்புகள் இவள் வயிற்றோடு வரிசையாகக் கிடப்பதை நினைத்தாலே எனக்குக் கை துருதுருக்கும். அடுத்த நிமிடம் நாலாம் மாடி ஞாபகம் வரும். அடுக்குமாடிக் கமிட்டி ஒரு நாய்க்கே மூன்று கடிதம் போட்டிருந்தது. பிறகு வைத்தியர் சொன்ன வயிற்று வெட்டு ஞாபகம் வரும். நான் எழும்பிப் போய் பல்கனிக் கதவைத் திறப்பேன், மூடுவேன். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒரு இடத்தில இருமன்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியக் குசினி நிலத்தில் இரண்டு மூன்று சிவப்புச் சொட்டைக் கண்டேன். நாள் வந்துவிட்டது. மகளுடைய பழைய பெனியனை வெட்டி, வாலுக்கு ஓட்டை வைத்து ஒரு காற்சட்டை தைத்துப் போட்டேன். அதை அவள் மானக்கேடாக நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தாள். கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவதையும் நிறுத்தினேன். ரெயில் பாதையோரத்துத் தெருநாய்கள் எல்லாம் அந்தக் கிழமை எங்கள் கேற்றுக்கு இடம் மாறியிருந்தன. வோச்சர் என்னைக் கண்டாலே தலையில் கை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் அடித்தது.

"மகள், நாள் ஏதும் வந்திச்சா?"

அவள் காற்சட்டையோடு என் காலடியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லை அங்கிள்."

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு இனப்பெருக்கத் தொகுதியைக் கண் இமைக்காமல் கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்துகிறவள். பின் வாங்கில் எவனாவது இளித்தால் எழுப்பி நிற்க வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு அந்தப் பெரியவரிடம் ஒரு சின்ன உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஓம் வந்திட்டுது, ஆனால் தரமாட்டன் என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாளும் பதின்மூன்றாம் நாளும், இணை சேர்க்க அந்த வேளைதான் சரியென்று தெரிந்துகொண்டே, போனைக் கையில் எடுத்தேன். அவருடைய நம்பர் வரைக்கும் போய், திரும்ப வைத்தேன். அவரைக் கூப்பிட்டு, உங்கட நாயைக் கொண்டுவாருங்கோ என்று சொல்லவும் மனம் வந்தது, அது வேறு. அந்த இரண்டு நாளும் நான் சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்று கிழமை அப்படியே போய்விட்டது. முடிவு எடுத்தேன் என்று சொல்லமுடியாது, நாள் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் என் வாயாலேயே விஷயம் வெளியில் போயிருந்தது. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். லிஃப்டுக்குள் சொன்னேன். குட்டி போட்டால் எங்களுக்கும் ஒன்று என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஆசை கூடும். கேட்கிற சனம் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று நினைப்பேன். ஆனால் கேட்ட ஒவ்வொருவரும் ஒரே வாலைச் சேர்த்துக் கேட்டார்கள்.

"கடுவன் எண்டால் ஒண்டு தாங்கோ ரீச்சர்."

"பெட்டை வேண்டாம், அது கரைச்சல்."

மேல்மாடிச் சிங்கள வீட்டு அம்மாவும் அதையேதான் சொன்னார். பெட்டைகளை என்ன செய்வார்கள் என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டேன். பெட்டியில் போட்டு ஒரு விகாரை வாசலில் விட்டால் யாராவது சோறு போடுவார்கள், பாவமில்லை என்றார். நல்ல மனுசி அவர். எங்களுக்கு வெசாக் காலத்தில் சாப்பாடு அனுப்புகிறவர். அவர் அதை அவ்வளவு இலகுவாகச் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. நான் எங்கள் வீட்டில் நாலாவது பெட்டை. நான் பிறந்த செய்தி கேட்டு ஒரு மாமா ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போன கதையைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்து வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் உட்கார்ந்து யோசித்தேன். இவள் நாலைந்து போட்டால் அதில் இரண்டு மூன்றாவது பெட்டையாக இருக்கும். அவற்றை யார் எடுப்பது? நெஞ்சைத் தொட்டு ஒரே ஒரு ஆளைத்தான் சொல்ல முடிந்தது. ஆணோ பொண்ணோ எதுன்னாலும் சரி என்று சொன்ன ஒரே மனிதர், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவர் எடுப்பது ஒன்று. மற்றவை?

இவரிடம் போய், "நான் ஒப்பரேஷன் செய்யப்போறன்" என்றேன்.

பேப்பர் கீழே இறங்கியது. "அப்ப அந்த அங்கிளுக்கு என்ன சொல்லப்போறீர்?"

"அதைப் பாப்பம்."

இவர் பேப்பரைத் திரும்ப உயர்த்திக்கொண்டார். ஓம் என்று சொல்லவில்லை.

வைத்தியருக்கு போன் எடுத்து "கரமு டொக்டர்" என்றேன், செய்வோம் என்று. நாள் வந்து போன பிறகு மூன்று மாதமாவது பொறுக்கவேண்டும் என்றார். அந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. "இன்னும் இல்லையா மகள்? ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரும் தானே?" "இவளுக்குப் பிந்துது அங்கிள்." "பரவால்ல, பரவால்ல. நாங்க பொறுமையா இருப்போம்." நாங்க என்றது அவரையும் நாயையும். பொய் சொல்லச்சொல்ல அது எனக்குப் பழகிவிட்டது. போனை வைத்த பிறகு எழும்பிப் போய் மேசையைத் துடைப்பேன்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியாமல் அவளை என் மடியில் வைத்துக்கொண்டு பொரளையிலிருந்து வந்தோம். நாக்கு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு வழித்து, நடுவில் தையல். நான் அழுதேன், ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன். சரியானதைத்தான் செய்தேன் என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். என்றாலும் அந்த உடம்பைக் கேட்காமல் அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை. அவளோ மூன்றாம் நாள் கழுத்துக் கூம்போடு சோபாவில் பாயப் பார்த்தாள்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நிம்மதியாக இருக்கவேண்டும். மாறாக, பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அவர் எடுத்தார்.

"இவன் நாலு நாளா சாப்பிடுறானில்ல மகள். டொக்டர் கிட்னின்னு சொல்றாங்க. முடிஞ்சா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. உங்க பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அவளக் கண்டா கொஞ்சம் எழும்புவானோ தெரியாது."

தையல் வெட்டிய மறுநாள் அது. பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் வருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். புறக்கோட்டையில் ஓட்டோ நெரிசலில் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன்.

ஒழுங்கையின் முடிவில் ஹார்பர் கிரேன்கள் தெரிகிற சின்ன வீடு. கதவு திறந்தே இருந்தது. விறாந்தையில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. அதன் முன்பக்கப் பலகையைச் சாண் உயரத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார். குட்டிகள் ஏறி இறங்கினால் கீறாமல் இருக்க. அவர் வாசலுக்கு வந்து உள்ளே வரச்சொன்னார். நான் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

நாய் சாக்கில் படுத்திருந்தது. பாதியாக மெலிந்திருந்தது. என்னுடையவளைக் கண்டதும் தலையைத் தூக்கியது, வால் இரண்டு தரம் நிலத்தில் தட்டியது. அவள் போய் அதன் காதை முகர்ந்துவிட்டு, நேரே பெரியவரின் காலடிக்கு வந்து, வழக்கம்போல மல்லாந்து நாலு காலையும் விரித்துக்கொண்டு படுத்தாள். வயிற்றைத் தடவச் சொல்லி.

அவர் சிரித்துக்கொண்டு குனிந்தார். கை நின்றது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வழித்த தோலில் மயிர் இன்னும் முளைக்கவில்லை. ரோஸ் நிறக் கோடு தெளிவாகக் கிடந்தது. அவர் பெருவிரலால் கோட்டைத் தொடாமல் பக்கத்தில் தடவினார்.

"வெயிலுக்கு முடி வெட்டிவிட்டீங்களா மகள்?"

எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார் என்று தெரிந்தது. ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் அதோடு விட்டிருப்பார், தேத்தண்ணி ஊற்றியிருப்பார்.

"இல்லை அங்கிள். ஒப்பரேஷன் செய்துபோட்டன். ரெண்டு கிழமையாகுது."

அவர் தலையாட்டினார். தடவுவதை நிறுத்தவில்லை. நான் பாடமாக்கியது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தது. கர்ப்பப்பையில் சீழ், நாலாம் மாடி, கமிட்டி, பெட்டைக் குட்டிகள், விகாரை வாசல். நான் சொன்னது எல்லாமே உண்மை. அவர் அவளைத் தடவிக்கொண்டே கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் வாயில் அது வந்தது, வந்திருக்கக்கூடாது.

"நான் அண்டைக்கே பாப்பம் எண்டுதானே அங்கிள் சொன்னனான்."

"ஆமா மகள். பாப்பம்னு சொன்னீங்க. அதான் நான் பாத்துட்டு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, ஹெந்தளையில் தெரிந்த ஒருவர் வீட்டில் ஒரு பெண் டாஷன் இருந்ததையும் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் அவர்களே போன் எடுத்து, உங்கள் நாயைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்களாம். அப்போது நாய் நல்ல சுகமாகத்தான் இருந்ததாம்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். வெள்ளவத்தைல ஒரு மகளுக்கு சொல்லி வச்சிருக்கேன், அவங்க எங்களப் பாத்துட்டு இருப்பாங்கன்னு சொன்னேன்."

நாலு மாதத்துக்கு முன்னால். நான் காலடியில் காற்சட்டை போட்ட நாயை வைத்துக்கொண்டு இன்னும் இல்லை அங்கிள் என்று சொன்ன அதே நாட்கள். அவருடைய முகம் முறியக்கூடாது என்று நான் நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டேன். குட்டி தரமாட்டன் என்றது குற்றமில்லை. அந்த வாங்கிலேயே இரண்டு சொல்லில் சொல்லியிருந்தால், இப்போது அந்தப் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று புரண்டுகொண்டிருந்திருக்கும்.

"அந்த ஹெந்தளை ஆக்களிட்டத் திரும்பக் கேட்டால்..." என்றேன்.

"அவங்க வேற எடம் பாத்துட்டாங்க மகள். குட்டி எல்லாம் குடுத்தாச்சு. இவனுக்கும் இனி ஏலாது."

சாக்கில் கிடந்த நாய் கண்ணை மூடியிருந்தது. என்னுடையவள் எழும்பிப் போய் அதன் முதுகோடு முதுகு வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழுது அவரை எனக்கு ஆறுதல் சொல்ல வைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான் முதலே மாட்டன் எண்டு சொல்லியிருக்கவேணும் அங்கிள்."

பரவால்ல மகள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த வார்த்தையை அவர் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பார்.

"ஆமா மகள்," என்றார். "சொல்லியிருக்கணும்."

பிறகு தேத்தண்ணி ஊற்றினார், நான் குடித்தேன். புறப்படும்போது நான் குனிய முதல் அவரே அவளைத் தூக்கினார். ஒரு கையை நெஞ்சுக்குக் கீழேயும் மற்றக் கையைப் பின்காலுக்குக் கீழேயும் கொடுத்து, வெட்டின இடம் இழுபடாமல், ஒழுங்கை முழுக்க மெதுவாக நடந்து ஓட்டோ வரைக்கும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.